மூடிய கோப்பு: ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ படமும் அதன் பின்னால் இருந்த வழக்கும், சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

போங் ஜூன்-ஹோ இயக்கிய ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ 2003 மே மாதம் தென்கொரியத் திரையரங்குகளுக்கு வந்தது. அந்தப் படத்துக்கு மூலமான கொலைத் தொடரில் ஒரு கொலைக்காகத் தண்டனை பெற்ற ஒருவர் அப்போது ஏறக்குறைய 14 ஆண்டுகளாகச் சிறையில் இருந்தார். அவர் கொலை செய்யாதவர். அது அவருக்கும் உண்மைக் கொலையாளிக்கும் தெரியும். அடித்து வாக்குமூலம் எழுதி வாங்கிய போலீஸாருக்குத் தெரிந்திருந்ததா என்பது தனிக் கேள்வி. படத்தில் அவர் எங்கும் இல்லை. அவர் கோப்பு மூடப்பட்டுவிட்டது; படம் பேச வந்ததோ மூடப்படாத கோப்பை.

தீராத வழக்கு என்று உலகமே பேசிய ஒன்றில், தீர்ந்துபோனதாக நம்பப்பட்ட ஒரே பகுதிதான் பெரிய பிழை. இந்தப் படத்தை இன்று பார்க்கிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். எங்கள் ஊரில் ஒரு சனிக்கிழமை இரவு இதைத் திரையிட்டுப் பேசியபோது கிடைத்தவற்றையும் சேர்த்தே இதை எழுதுகிறேன். சுங்கை சிப்புட் மலேசியாவில், ஈப்போ நகருக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது. சுற்றிலும் தோட்டங்கள். பால் மரம் (ரப்பர்) இருந்த இடங்களில் பெரும்பாலும் இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை). லயங்களை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டுத் தாமான்களுக்கு (புதுக் குடியிருப்புகளுக்கு) வந்துவிட்ட குடும்பங்கள்தான் மண்டபத்தில் அதிகம். திரையில் ஆங்கில எழுத்து ஓடியது. படிக்க முடியாத பெரியவர்களுக்காக ஓர் ஆசிரியை முன்வரிசையில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

படத்தில் நடப்பது

1986 அக்டோபர். அறுவடைக்கு நிற்கும் நெல் வயல். சாலையோரக் கால்வாயின் கல் மூடிக்குக் கீழே ஒரு பெண்ணின் உடல். உள்ளூர்த் துப்பறிவாளர் பாக் டூ-மான் குனிந்து பார்க்கிறார். பக்கத்தில் ஒரு பொடியன் அவர் சொல்வதையெல்லாம் திருப்பிச் சொல்லிக் கேலி செய்கிறான். பாக்காக நடித்த சோங் காங்-ஹோ அந்த முதல் சில நிமிடங்களிலேயே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடுகிறார். கெட்டவர் இல்லை, திறமைசாலியும் இல்லை. தனக்கு முகம் பார்த்தால் ஆள் தெரியும் என்று உறுதியாக நம்புகிறவர்.

இரண்டாவது உடல் கிடைக்கும் காட்சியில் கேமரா வெட்டில்லாமல் பாக்கின் பின்னாலேயே போகிறது. ஊர் ஜனம் வரப்பில் நிற்கிறது. பிள்ளைகள் ஓடுகின்றன. தடயவியல் ஆட்கள் இன்னும் வரவில்லை. வந்தவர்கள் மேட்டிலிருந்து சறுக்கி விழுகிறார்கள். மண்பாதையில் ஒரு காலடித் தடம் இருக்கிறது, அதைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு டிராக்டர் வருகிறது. பாக் கத்துகிறார். டிராக்டர்காரருக்குக் கேட்கவில்லை. தடத்தின் மேல் சக்கரம் ஏறிப் போய்விடுகிறது.

எங்கள் கூட்டத்தில் போலீஸில் சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உண்டு. அந்த இடத்தில் அவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். “கயிறு எங்க? மொதல்ல கயிறு கட்டுங்கடா! அப்புறம்தான் மத்ததெல்லாம்.” பின்வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தோட்டத்தில் ஒரு சாவு என்றால் போலீஸ் ஜீப் வருவதற்குள் லயமே அங்கே நின்றிருக்கும் என்றும், ஆளைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தி முகத்தைக் கழுவியே வைத்திருப்பார்கள் என்றும் பிறகு சொன்னார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. செத்தவரை மண்ணில் அப்படியே போட்டு வைக்க மனம் வராது.

சியோலிலிருந்து இன்னொரு துப்பறிவாளர், சோ டே-யூன், தானாக முன்வந்து இந்த வழக்குக்கு வந்து சேர்கிறார். இவருக்கு முகத்தில் நம்பிக்கை இல்லை, காகிதத்தில்தான் நம்பிக்கை. கோப்புகளை மட்டும் படித்தே, காணாமல்போன ஒரு பெண்ணின் உடல் எங்கே இருக்கும் என்று சொல்லிவிடுகிறார், அங்கேயே கிடைக்கிறது. கொலைகள் மழை இரவுகளில் நடக்கின்றன, செத்த பெண்கள் சிவப்பு உடுத்தியிருந்தார்கள் என்ற ஒழுங்கு தெரிகிறது. அந்த இரவுகளில் வானொலியில் ஒரே பாட்டை யாரோ விரும்பிக் கேட்டிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிப்பவர் நிலையத்தில் இருக்கும் ஒரே பெண் போலீஸ். அதுவரை அவருக்குக் கொடுத்திருந்த வேலை ஆண்களுக்குக் காப்பி போடுவது. சிவப்பு உடை உடுத்தி மழையில் தனியாக நடந்து போகச் சொல்வதும் அவரைத்தான்.

மழை பற்றி ஓர் அக்கா சொன்னதை இங்கே சேர்க்க வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். “எங்களுக்கு மழைன்னா வேல இல்ல, சம்பளமும் இல்ல. ஆனா பயமும் இல்ல, வீட்டுலதான இருப்போம். பயமெல்லாம் மழ இல்லாத நாள்லதான். விடியறதுக்கு முன்ன தலயில லைட்ட கட்டிக்கிட்டு நெறைக்கு நெற தனியா நிப்போம். அடுத்த ஆளோட வெளிச்சம் மரத்துக்கு நடுவுல தெரியுதான்னு பாத்துக்கிட்டே வெட்டுவோம்.” திரையில் ஒரு பெண் இருட்டு வரப்பில் டார்ச்சோடு கணவனுக்குக் குடை கொண்டுபோகும் காட்சியில் அந்த அக்காவின் கை பக்கத்தில் இருந்தவரின் முழங்கையைப் பிடித்திருந்தது.

ஒத்துக்கொள்ள வைப்பது எப்படி

முதல் சந்தேகநபர் மனவளர்ச்சி குன்றிய ஓர் இளைஞன், பேக் குவாங்-ஹோ. முகத்திலும் கையிலும் தீக்காயத் தழும்பு. அப்பா இறைச்சி உணவுக்கடை நடத்துகிறார். செத்த பெண்களில் ஒருத்தியின் பின்னால் சுற்றினான் என்பது ஊர்ப் பேச்சு. அது போதுமாக இருக்கிறது. பாக்கின் கூட்டாளி சோ யோங்-கூ பூட்ஸின் மேல் துணி உறை மாட்டிக்கொண்டு உதைக்கிறார், தடம் தெரியக் கூடாதே. அடி ஓய்ந்த நேரத்தில் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து நூடல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு டிவியில் துப்பறியும் தொடர் பார்க்கிறார்கள். பிறகு காட்டுக்குக் கூட்டிப்போய்க் குழி தோண்டச் சொல்கிறார்கள். அப்போது அவன் பேசத் தொடங்குகிறான்: அவளை எப்படிக் கட்டினான், எப்படி இறுக்கினான். நுணுக்கமாகச் சொல்கிறான். டேப்பில் பதிகிறது.

வழக்கு முடிந்தது என்று பத்திரிகையைக் கூட்டி, வயலில் நடித்துக் காட்டச் சொல்கிறார்கள். ஊர் முன்னால் அது குலைந்து போகிறது. தழும்பு ஏறி ஒட்டிய அந்த விரல்களால் அந்த முடிச்சைப் போடவே முடியாது என்று சோ டே-யூன் முன்பே காட்டியிருந்தார். வெகு நேரம் கழித்துத்தான் டேப்பைத் திரும்பக் கேட்கிறார்கள். அவன் சொன்னது தான் செய்ததை அல்ல, பார்த்ததை. ஒரே சாட்சியை உதைத்துக் குற்றவாளியாக்கியிருக்கிறார்கள். திரும்பத் தேடிப் போகும்போது அவன் மிரண்டு ஓடி ரயிலில் அடிபட்டுச் சாகிறான்.

உதைக்கும் காட்சிகளில் மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கும்படிதான் எடுத்திருக்கிறார்கள். சோ யோங்-கூ ஓடிவந்து எகிறி உதைப்பது ஏறக்குறைய நகைச்சுவைக் காட்சிபோல இருக்கும். இதை நான் படத்தின் குறையாகவே சொல்வேன், பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பிறகு அதே ஆளின் காலில் துருப்பிடித்த ஆணி ஏறி, விஷமாகி, காலை வெட்ட வேண்டி வருகிறது. உதைத்த காலே போனது என்று பார்க்கிறவர் கணக்குத் தீர்த்துக்கொள்கிறார். நிஜத்தில் யாருக்கும் கால் போகவில்லை. வழக்கும் நடக்கவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சிரித்தவர்களிடம் வழக்கறிஞர் ஒரு பெண் ஒரே ஒரு விஷயம் கேட்டார். ஈப்போவிலிருந்து இதற்காகவே வந்திருந்தார். “நம்ம பையன லோக்காப்ல வெச்சிருந்தா இந்தக் காட்சிக்குச் சிரிப்பு வருமா?” ஒருவர் உடனே, “அதனாலதான்மா சிரிச்சோம்” என்றார். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. தெரிந்த விஷயத்தைத் திரையில் பார்க்கும்போது வருகிற சிரிப்பு வேறு.

மூன்றாவது ஆளும் சுரங்க வாசலும்

உயிர் தப்பிய ஒரு பெண் சொல்கிறாள்: அவன் கை மெத்தென்று இருந்தது. அதற்குப் பிறகு பிடிபடும் பாக் ஹியோன்-கியூவின் கை மெத்தென்று இருக்கிறது. பால் வெட்டிய அக்கா இதை யாரும் கேட்பதற்கு முன்பே பிடித்துவிட்டார். “அப்ப அவன் வெளிக்காட்டு வேலக்காரன் இல்ல. ஆபீஸ்ல ஒக்காந்திருக்கிறவன்.” உண்மையிலேயே படத்தில் அவனுக்கு ஆலையில் எழுத்து வேலை. தோட்டத்தில் கை என்பது அடையாள அட்டை மாதிரி. கையைப் பார்த்தே கிராணியா (எழுத்தர்), மண்டோரா (மேஸ்திரி), வெட்டுக்காரரா என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த அறிவு எவ்வளவு ஆபத்தானது என்பதும் இங்கேதான் இருக்கிறது. தோட்டத்து ஆபீஸில் எத்தனை பேருக்கு மெத்தென்ற கை?

படத்தின் மெதுவை இந்தக் கட்டத்தில்தான் புரிந்துகொள்ள முடிகிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படம். ஒவ்வொரு சந்தேகநபரையும் இவன்தான் என்று நம்மை நம்பவைத்து, பிறகு கையை விரித்துவிடுகிறது. கொலையாளியின் முகம் காட்டப்படுவதே இல்லை. பொறுமை குறையக் குறைய, நாமும் ஏதோ ஒரு முகத்தைக் கேட்கத் தொடங்குகிறோம். காகிதத்தை மட்டும் நம்பிய சோ டே-யூன், பள்ளி மாணவி ஒருத்தியின் உடலைப் பார்த்த பிறகு, மழையில் ரயில் சுரங்க வாசலில் இந்த இளைஞனை மண்ணில் போட்டு அடிக்கிறார். மரபணுச் சோதனைக்கு மாதிரி அமெரிக்காவுக்குப் போயிருக்கிறது. பதில் அந்த நேரத்தில் வந்து சேர்கிறது. பொருந்தவில்லை. சோ டே-யூன் அந்தக் காகிதத்தை நம்ப மறுத்துத் துப்பாக்கியைத் தூக்குகிறார்.

எங்கள் மண்டபத்தில் அந்த நேரத்தில் “சுடு” என்று கேட்ட குரல் ஒன்றல்ல. நானும் வாயைத் திறக்கவில்லையே தவிர, மனதில் அதுதான் இருந்தது. இரண்டு மணி நேரம் காத்திருந்த நாங்களே ஓர் ஆளைக் கொடுத்தால் போதும் என்று ஆகிவிட்டோம். உண்மையில் அந்த நிலையத்தில் இருந்தவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், பத்திரிகைக்குப் பதில் சொல்ல வேண்டும். படம் மெதுவாக இருப்பது அழகுக்காக அல்ல. அந்தப் பொறுமையின்மையை நமக்குள் வளர்த்துக் காட்டுவதற்காக. இதை இந்தப் படத்தின் பெரிய சாதனை என்று நினைக்கிறேன்.

நிஜ வழக்கு

கியோங்கி மாநிலத்தின் ஹ்வாசோங் வட்டாரம், சியோலுக்குத் தெற்கே. 1986 செப்டம்பரிலிருந்து 1991 ஏப்ரல் வரை பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். மூத்தவருக்கு 71 வயது, இளையவளுக்கு 13. விசாரணைக்குச் செலவான போலீஸ் ஆள்-நாட்கள் 20 லட்சத்துக்கும் மேல். விசாரிக்கப்பட்டவர்கள் 21,000-க்கும் மேல். தொடக்க ஆண்டுகளில் நாடோ சுன் டூ-ஹ்வானின் ராணுவ ஆட்சியில், தெருவெங்கும் ஆர்ப்பாட்டம். படத்தில் ஒரு முக்கியமான இரவில் ஆள் அனுப்பச் சொல்லிக் கேட்டால், எல்லாரும் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போய்விட்டார்கள் என்று பதில் வருகிறது.

இவ்வளவு பேரைத் தேடியவர்கள் கொலையாளியையும் பிடித்துக் கேட்டிருக்கிறார்கள் என்பதுதான் கொடுமை. லீ சூன்-ஜே உள்ளூர்க்காரன். போலீஸ் தேடியது ‘பி’ ரத்த வகைக்காரனை. அவன் வகை ‘ஓ’. விட்டுவிட்டார்கள். 1994 ஜனவரியில் அவன் தன் மனைவியின் தங்கையைக் கொன்று பிடிபட்டான். ஆயுள் தண்டனை பெற்றுப் பூசான் சிறைக்குப் போனான். அதற்குப் பிறகு 25 ஆண்டுகள் ஹ்வாசோங் வழக்கில் அவன் பெயர் வரவில்லை.

2010-இல் கொரியாவில் கைதிகளின் மரபணுப் பதிவுக்குச் சட்டம் வந்தது. 2019-இல் பழைய வழக்குகளைப் பார்க்கும் போலீஸ் குழு, எடுத்து வைத்திருந்த துணிமணிகளைத் தேசியத் தடயவியல் நிலையத்துக்கு மறுபடி அனுப்பியது. அந்த செப்டம்பரில், மரபணு பொருந்தி, லீயின் பெயர் வெளியே வந்தது. பிறகு அவன் 14 கொலைகளையும் முப்பதுக்கும் மேற்பட்ட பாலியல் தாக்குதல்களையும் ஒத்துக்கொண்டான்.

சார்ஜன் ஐயாவுக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதி இதுதான். “முப்பது வருஷம் அந்தத் துணிய யாரோ ஒருத்தன் ஸ்டோர்ல பத்திரமா வெச்சிருந்திருக்கான் பாருங்க தம்பி. அவனுக்குத்தான் மெடல் குடுக்கணும்.” கரையானும் ஈரமும் எலியும் சாட்சிப் பொருளை என்ன செய்யும் என்பதைப் பற்றி அவரால் ஒரு மணி நேரம் பேச முடியும், அன்றும் ஏறக்குறைய பேசினார்.

ஆனால் லீக்கு இந்தக் கொலைகளுக்காகத் தண்டனை இல்லை. கொரியாவில் அப்போது கொலைக்கு 15 ஆண்டு காலவரம்பு இருந்தது. கடைசிக் கொலைக்கான வரம்பு 2006 ஏப்ரலில் முடிந்தது. 2015-இல் கொலைக்குக் காலவரம்பையே நீக்கினார்கள், ஆனால் ஏற்கெனவே காலாவதியானவற்றுக்கு அது எட்டாது. நம் நாட்டில் கொலைக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது என்று வழக்கறிஞர் சொன்னபோது பலருக்கு அது புதுச் செய்தி.

படத்தின் கடைசிக் காட்சியில், 2003-இல், பாக் டூ-மான் போலீஸை விட்டு வியாபாரியாகிவிட்டார். போகும் வழியில் அந்தப் பழைய கால்வாயில் குனிந்து பார்க்கிறார். கொஞ்ச நாளைக்கு முன் இன்னொருவரும் வந்து பார்த்தார் என்று ஒரு சிறுமி சொல்கிறாள். ஆள் எப்படி இருந்தார்? சாதாரணமாக. பாக் நேராகக் கேமராவைப் பார்க்கிறார். கொலையாளி என்றாவது படத்தைப் பார்ப்பான், அவன் கண்ணைப் பார்க்க வேண்டும் என்றுதான் அந்தப் பார்வை என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார். அவன் பார்த்தான், சிறைக்குள்ளேயே. 2020 நவம்பரில் நீதிமன்றத்தில் அதைப் பற்றிக் கேட்டார்கள். படமாகத்தான் பார்த்தேன், தனியாக ஒன்றும் தோன்றவில்லை என்கிற மாதிரி பதில் சொன்னான். முகத்தைப் பார்த்தால் ஆள் தெரியும் என்ற நம்பிக்கைக்கு அதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

எட்டாவது வழக்கு

அந்த நீதிமன்றத்தில் லீ சாட்சியாக நின்றது வேறொருவரின் மறுவிசாரணையில்.

1988 செப்டம்பரில் 13 வயதுச் சிறுமி தன் வீட்டில், தன் அறையில் கொல்லப்பட்டாள். மற்றவை வெளியே நடந்தவை, இது வீட்டுக்குள். மற்றக் கொலைகளைப் பார்த்து வேறு யாரோ அதேபோலச் செய்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்கள். 1989 ஜூலையில் ஒரு 22 வயது இளைஞனைப் பிடித்தார்கள். சிறு வயதில் போலியோ வந்து கால் விளங்காதவர். விவசாய இயந்திரங்களைப் பழுது பார்க்கும் கடையில் வேலை. சிறுமியின் அறையில் கிடைத்த முடியில் உலோகக் கூறுகளைச் சோதித்தோம், பொருந்துகிறது என்று ஆய்வக அறிக்கை வந்தது. தூங்கவிடாமல் வைத்து விசாரித்தார்கள். ஒத்துக்கொண்டார். ஆயுள் தண்டனை. பின்னர் குறைக்கப்பட்டு 2009-இல் வெளியே வந்தார், 20 ஆண்டுகளுக்குப் பிறகு.

2019-இல் லீ ஒத்துக்கொண்ட கொலைகளில் இதுவும் ஒன்று. 2020 டிசம்பர் 17 அன்று சுவோன் மாவட்ட நீதிமன்றம் அந்த மனிதரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. வாக்குமூலம் சட்டவிரோதக் காவலிலும் வதையிலும் பெறப்பட்டது, ஆய்வக அறிக்கையில் கோளாறு என்றது தீர்ப்பு. நீதிமன்றம் மன்னிப்புக் கேட்டது. அந்த ஆண்டு ஜூலையில் மாநிலப் போலீஸ் தலைவரும் கேமராக்களுக்கு முன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டிருந்தார். வதைத்தவர்கள் மேல் வழக்கு நடத்த முடியவில்லை. அவர்களுக்கும் காலவரம்பு துணைக்கு வந்தது. கொலையாளியைக் காப்பாற்றிய அதே சட்டம்.

படத்தில் வரும் பேக் குவாங்-ஹோவையும் இந்த மனிதரையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். உடலில் குறையுள்ள, கூலி வேலைக்கார, பரிந்து பேச ஆளில்லாத இளைஞன். ஆய்வக முத்திரையோடு ஒரு காகிதம். படம் எடுக்கும்போது இவர் உள்ளே இருந்தார். படக்குழுவைக் குறை சொல்வதற்கில்லை. நீதிமன்றமே முடித்துவிட்ட வழக்கு. ஆனால் இந்தப் படம் வதையைக் காட்டிவிட்டு, அதனால் வழக்கு எதுவும் தீரவில்லை என்கிறது. நிஜத்தில் வதையால் ஒரு வழக்கு ‘தீர்ந்தது’. அது இன்னும் பயங்கரம். இங்கே படத்தைவிடக் கோப்பு இருண்டது.

இன்னொன்றும் உண்டு. 1989-இல் காணாமல்போன ஒரு பள்ளிச் சிறுமியையும் தானே கொன்றதாக லீ சொன்னான். அப்போதே அவள் பொருட்கள் போலீஸ் கையில் கிடைத்தும் குடும்பத்துக்குச் சொல்லாமல் மறைத்தார்கள் என்று மறுவிசாரணை கண்டது. முப்பது ஆண்டுகள் அந்தப் பெற்றோர் மகள் எங்கோ இருக்கிறாள் என்று காத்திருந்தார்கள். இதைச் சொன்னபோது மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஆசிரியை நிறுத்திவிட்டார். நான்தான் மீதியைச் சொன்னேன்.

நம் ஊரில் இது எப்படி

சுங்கை சிப்புட்டுக்காரர்களிடம் கொலை விசாரணை என்று ஆரம்பித்தால் பேச்சு 1948-க்குப் போய்த்தான் திரும்பும். அந்த ஜூன் 16-ஆம் தேதி காலை எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். அதற்குப் பிறகு வந்தது விசாரணை அல்ல, வலைவீச்சு: விசாரணையின்றிக் காவல், ஊரடங்கு, அரிசிக்கு அளவு. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மார்ச்சில் துப்பாக்கியோடு பிடிபட்டதாக வழக்கு. மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கு. மார்ச்சிலிருந்து மே. வேகமான வழக்கு என்றால் அதுதான். படத்தில் விளக்கணைப்பு ஒத்திகை நடக்கும் இரவில் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும்போது ஒரு தாத்தா, “இது எங்கப்பா சொன்ன கதடா” என்றார்.

சட்டம் பற்றி வழக்கறிஞர் சொன்னவற்றில் மூன்றை மட்டும் எழுதுகிறேன். ஒன்று, சாதாரணக் குற்ற வழக்குகளில் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தை வைத்து இப்போது ஒருவரைத் தண்டிக்க முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 113-ஆம் பிரிவை 2006-இல் திருத்தி மறு ஆண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்டவரும் எழுதி வாங்கியது, தானாகக் கொடுத்தது என்று நிரூபித்தால் செல்லும். தானாக என்பதை உள்ளே இருந்தவர் எப்படி மறுத்து நிரூபிப்பார் என்பதுதான் பல வருடப் போராட்டம்.

இரண்டு, சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இன்னும் இருக்கிறது. காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அந்த அளவுக்கு அவர் சொன்னது செல்லும். கத்தி இந்தச் செம்பனை மட்டைக்குக் கீழே இருக்கிறது என்று சொல்லி, அங்கே கத்தி இருந்தால் போதும். சொன்னது யார், முதலில் தெரிந்தது யாருக்கு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. படத்தில் குழி தோண்ட வைத்த காட்டை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். சார்ஜன் ஐயா இதை ஏற்கவில்லை. “ஏம்மா, அந்தப் பிரிவு இல்லேன்னா பாதி கொலகாரன் வெளியதான் திரிவான்.” இரண்டு பேருமே தங்கள் பக்கத்தில் பார்த்த வழக்குகளை வைத்துத்தான் பேசினார்கள். நான் வழக்கறிஞர் பக்கம்.

மூன்று, காவல் நாட்கள். 117-ஆம் பிரிவின்படி 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கொலைச் சந்தேகத்துக்கு முதலில் ஏழு நாள், மறுபடி ஏழு நாள் வரை கொடுக்கலாம். மொத்தம் பதினான்கு. கொரியாவில் அந்த இளைஞனை முடித்துவிட மூன்று நாள் தூக்கத்தைப் பறித்தது போதுமாக இருந்தது.

ஏ. குகன் பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது, முடியவும் இல்லை. 2009 ஜனவரி, சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்தார். அவருக்கும் 22 வயது. முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் என்றது. குடும்பம் கேட்டு நடந்த இரண்டாவது பரிசோதனை உடம்பெல்லாம் காயம் என்றது. 2013-இல் உயர் நீதிமன்றம் போலீஸும் அரசாங்கமும் பொறுப்பு என்று தீர்ப்பளித்து, குடும்பத்துக்கு 8 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்கச் சொன்னது. அங்கே முடியைச் சோதித்த ஆய்வகக் காகிதம், இங்கே முதல் பிரேதப் பரிசோதனைக் காகிதம். காகிதத்தை நம்பிய சோ டே-யூன் கடைசியில் காகிதத்தைக் கைவிட்டது தவறான இடத்தில். படத்தில் அந்த ஒரு காகிதம் சரியாகத்தான் சொன்னது, பொருந்தவில்லை என்று. அதை எழுதியவர் யாருக்கும் பயப்படத் தேவையில்லாத தூரத்தில் இருந்தார். நிஜத்திலும் ஹ்வாசோங்கிலிருந்து ஒரு மாதிரியை வெளிநாட்டுக்கு, ஜப்பானுக்கு, அனுப்பிச் சோதித்ததில் ஒரு சந்தேகநபர் தப்பினார்.

படத்தின் மேல் எனக்கு இருக்கும் இன்னொரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். செத்த பெண்களில் பெரும்பாலோர் நமக்கு உடலாக மட்டுமே தெரிகிறார்கள். கடைசிச் சிறுமிக்கு மட்டும் முன்னதாக ஒரு காட்சி உண்டு, முதுகில் பிளாஸ்திரி ஒட்டுகிற காட்சி. அதனால்தான் அவள் சாவு தாக்குகிறது. மற்றவர்களுக்கும் அப்படி ஒரு நிமிடம் கொடுத்திருக்கலாம். பால் வெட்டிய அக்கா கேட்டதும் அதுதான்: “அந்தக் கொட கொண்டுபோன பொம்பளைக்குப் புள்ளைங்க இருந்திச்சா?” படம் சொல்லவில்லை.

மறுபடி திரையிடுவதாகப் பேச்சு. பக்கத்துத் தோட்டத்து இளைஞர் மன்றம் கேட்டிருக்கிறது. எட்டாவது வழக்கையும் அந்த 2020 தீர்ப்பையும் முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு படத்தைப் போட வேண்டும் என்று வழக்கறிஞரும் நானும் நினைக்கிறோம். அப்போது சுரங்க வாசலில் யார் “சுடு” என்பார்கள் பார்க்கலாம். சார்ஜன் ஐயா கூடாது என்கிறார். முன்னாலேயே சொல்லிவிட்டால் பையன்கள் நல்லவர்கள் மாதிரி உட்கார்ந்து பார்ப்பார்கள், முதலில் சுடச் சொல்லட்டும், அப்புறம் சொல்லுங்கள் என்கிறார். இன்னும் முடிவாகவில்லை.